ஆப்பக் கடைச் சட்டம்

அருவிச் சத்தத்துக்கு நடுவே காதில் விழும் செய்தியை நம்பி யாரும் எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. நான் இறங்கினேன். அதுவும் நாட்டின் சட்டத்தையே துணைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் விட்டேன் என்றும் சொல்வார்கள்). திருப்பூரில் பனியன் கம்பெனி, புனலூரில் ரப்பர் தோட்டம், இடையில் கொஞ்ச காலம் லாரி. பஸ் ஸ்டாண்டில் இடம் கிடைத்தால் படுப்பேன், கிடைக்காவிட்டால் நடப்பேன். அப்படி நடந்து வந்தவன் குற்றாலத்துச் சாரலில் நனைந்து, மேலகரத்து மல்லிகாவைக் கட்டிக்கொண்டு, ஐந்தருவியில் ஆப்பக் கடை போட்டேன். ஆப்பம் சுடுவது அவள். தேங்காய் துருவுவதும் மலையைப் பார்ப்பதும் நான்.

அந்த வரிசைக் கடைகள் அத்தனையும் ஓர் அண்ணாச்சியின் குத்தகை. விற்பதில் பத்துக்கு மூன்று அவருக்கு. தேங்காயும் கேஸும் அவரிடம்தான் வாங்க வேண்டும். ‘மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் இதே ஆப்பம் விலை குறைவு’ என்று சாப்பிடுகிறவர்களிடம் மூச்சு விடக் கூடாது. மீறினால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சீசனில் சம்பாதிப்பதுதான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. அதனால் மல்லிகா மூச்சு விடவில்லை.

ஒரு காலை. சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மேகம் கீழே இறங்கி, என்ன வாங்க வந்தோம் என்பதை மறந்த ஆள்போலக் கடைகளுக்கு நடுவே நின்றது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கடையத்துக்காரர் ஒருவர், ஆப்பத்தைப் பிய்த்தபடி கூட்டாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். பாதியை அருவி தின்றுவிட்டது. மீதி எனக்கு இப்படிக் கேட்டது:

“ஆப்பக் கடைக்கு டெல்லில சட்டம் கொண்டு வாராங்க. யாரு வேணும்னாலும் கடை போடலாம். போட்டி வந்துட்டா பத்துக்கு மூணுன்னு கறாரா நிக்க முடியாதுல்லா. வேற இடத்துல விலை கம்மின்னா அதையும் தாராளமாச் சொல்லலாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்லியில் ஒருவர் உட்கார்ந்து என் தேங்காயைப் பற்றி யோசித்திருக்கிறாரே. நின்ற இடத்திலேயே மிதந்தேன். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை வரை சாலையின் இருபுறமும் ஆப்பக் கடைகள். எதிரே நின்ற மேகம்கூட ஓரம் மெலிந்து, நடுவில் உப்பி, சட்டியிலிருந்து எடுக்கும் பதத்தில் தெரிந்தது.

அந்த மயக்கம் தெளியுமுன் அண்ணாச்சி தேங்காய்ச் சாக்கோடு வந்து நின்றார்.

“அண்ணாச்சி, இனிமே தேங்கா நான் தென்காசில வாங்கிக்கிடுதேன். பத்துக்கு மூணெல்லாம் கிடையாது. சட்டம் வந்துட்டு.”

மல்லிகா கரண்டியோடு திரும்பினாள். அண்ணாச்சி கோபப்படவில்லை.

“எந்தச் சட்டம்லே?”

“ஆப்பக் கடைச் சட்டம்.”

வரிசையே வேலையை நிறுத்தியது. நான் என் சாட்சியைக் கைகாட்டினேன். கடையத்துக்காரர் வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு செல்போனை எடுத்துக் காட்டினார்.

“அண்ணே, நான் சொன்னது போன்ல இறக்குத ஆப்பு. அத விக்க ரெண்டு பெரிய கம்பெனியோட கடதான் இருக்கு. அவங்களுக்குத்தான் சட்டம்.” என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, இருந்த ஒரு பிடியையும் உருவினார். “அதுவும் இன்னும் சட்டமாகலண்ணே. வரைவுதான்.”

அண்ணாச்சி சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “போன்ல உள்ளது கெடக்கட்டும்லே. இப்ப உனக்கு வச்சதுக்குப் பேரும் ஆப்புதான். அடுப்பத் தூக்கு.”

மத்தியானம் பஸ் மேகத்துக்குள் மெதுவாக நீந்தி இறங்கியது. மல்லிகா மாவுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாவு மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல், மறுநாள் மேலகரத்தில் வீட்டு வாசலிலேயே அடுப்பை வைத்தோம்.

தன் பேச்சால் வந்த வினை என்று வருந்திய கடையத்துக்காரர், தேடி வந்து போன் மேப்பில் எங்கள் கடையைப் போட்டுக்கொடுத்தார். பேர்: ‘ஆப் ஸ்டோர், மேலகரம்’. அருவிக்குப் போகிற கார்கள் சிரித்துக்கொண்டே நின்றன. உடைந்த போனோடும் சிலர் வருகிறார்கள். மல்லிகா அவர்களையும் ரெண்டு ஆப்பம் தின்னவைத்துத்தான் அனுப்புகிறாள். அண்ணாச்சியும் தென்காசி போகும்போது இறங்கி, “என்னலே, சட்டம் வந்துட்டா?” என்று கேட்டபடி இலையை இழுத்துக்கொள்கிறார்.

சட்டம் வரவில்லை. வரைவு என்ற வார்த்தை மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. போன வாரம் மலைமேல் மேகம் கிடந்த கிடையைப் பார்த்ததும் எனக்குக் கால் பரபரத்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை நடந்து போகப்போகிறேன், திரும்புவது எப்போது என்று தெரியாது என்றேன்.

மல்லிகா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சட்டமா, வரைவா?”

மேகத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

“வரைவுதான்” என்று சொல்லிவிட்டுத் தேங்காயை எடுத்தேன்.