பீட்ரூட்டுக்கு எதிராக ஒரு சதி

இந்தப் பீட்ரூட்டுக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். அதுவா நானா, இருவரில் ஒருவர்தான் இனி இந்த வீட்டில் இருக்க முடியும். வீட்டுப் பத்திரம் என் பேரில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் கடை அடைக்கும்போதுதான் எழுந்திருப்பேன். சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகின்றன. தனியாக இருக்க அதற்குப் போரடித்ததோ என்னவோ, போன மாதம் ரத்த அழுத்தத்தையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டது.

"இப்போ சாப்பிடுற மாத்திரையை விடாதீங்க. அடுத்த தடவையும் பிரஷர் இப்படியே இருந்தா இன்னொண்ணு சேர்க்கணும். சர்க்கரையோட இதுவும் சேர்ந்தா கண்ணு, கிட்னி எல்லாத்தையும் பதம் பார்த்துடும்" என்றார் டாக்டர்.

பக்கத்தில் என் மனைவி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உயிரியல் டீச்சர்.

"கீரையும் பீட்ரூட்டும் பிரஷரைக் குறைக்கும்கிறாங்களே, டாக்டர்?"

"அதில இருக்கிற நைட்ரேட் சிலருக்குக் குறைக்குது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு எவ்வளவு பலிக்கும்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியலை. இவர் கிட்னி இப்போ நல்லா இருக்கு. ஜூஸா வேண்டாம், காயாவே தாராளமா சாப்பிடட்டும்."

'உறுதியாச் சொல்ல முடியலை' மட்டும் என் காதில் விழுந்தது. 'தாராளமா' மட்டும் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் என் தட்டில் பாதி பச்சை, பாதி சிவப்பு. போக்குவரத்து விளக்கு மாதிரி இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உருளைக்கிழங்கு வறுவல் எங்கே?"

"விடுமுறையில போயிருக்கு."

"எப்போ வரும்?"

"அடுத்த மாசம் பிரஷர் குறையலைன்னா வரும். குறைஞ்சா வரவே வராது. சம்மதமா?"

சம்மதித்தேன். வேறு வழி? அவள் கேட்ட தொனியில் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றிருக்கும்.

"அது சரி டீச்சரம்மா, இந்தச் சிவப்புக் கிழங்கு என் ரத்தக் குழாய்க்குள்ள போய் என்னதான் செய்யும்?"

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "உங்க நாக்குல நல்ல கிருமிகள் குடியிருக்கு. காயில இருக்கிற நைட்ரேட்டை அதுங்கதான் முதல்ல மாத்திக் கொடுக்கும். அப்புறம் உடம்பு அதை வெச்சு ரத்தக் குழாயைத் தளர்த்தும். குழாய் தளர்ந்தா பிரஷர் இறங்கும்."

"அந்தக் கிருமிகளே செத்துப்போச்சுன்னா?"

"அப்போ வேலை நடக்காது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா. அறிவு வளரட்டுமேன்னு."

அவள் என்னை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு கரண்டி பீட்ரூட் வைத்தாள்.

என் திட்டம் எளிமையானது. சமர்த்தாகச் சாப்பிடுவேன். சாப்பிட்டதும் கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளிப்பேன். நாக்கில் இருக்கும் கிருமிகள் கூண்டோடு கைலாசம். பிரஷர் குறையாது. வறுவல் திரும்பி வரும். கூடவே இன்னொரு மாத்திரையும் வருமே என்றால், அதை வறுவலோடு சேர்த்து விழுங்கிவிட்டால் போகிறது.

ஒரே சிக்கல். எங்கள் தெரு மருந்துக் கடை என் மச்சானுடையது. அவனிடம் தும்மல் மாத்திரை வாங்கினாலும் நான் தும்முவதற்குள் அக்காவுக்குப் போன் போய்விடும். ஆகவே ஆற்றுப் பாலம் தாண்டி, மேடேறி, பஸ் நிலையத்துக்கு அப்பால் இருக்கும் கடைக்கு நடந்தேன். வண்டியை எடுத்தால் சத்தம் கேட்குமே!

பாட்டிலைக் குளியலறையில், ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்தேன். மூன்று வேளையும் கொப்பளித்தேன். காரமே இல்லை, மென்மையான சரக்கு போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோனது. மறுபடி பாலம், மறுபடி மேடு. மறுபடி தீர்ந்தது. எவ்வளவு வெறியோடு கொப்பளிக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. போகப் போக, மேடேறும்போது மூச்சு வாங்குவதுகூட நின்றுவிட்டது.

அந்த நாளும் வந்தது. டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார். கருவியைப் பார்த்தார். மறுபடி காற்றடித்தார்.

"பிரமாதம்! நல்லாக் குறைஞ்சிருக்கு. புது மாத்திரை தேவையில்லை."

"அதெப்படி டாக்டர்? நான்தான் மூணு வேளையும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிச்சேனே!"

வாயிலிருந்து வந்துவிட்டது. கிருமிக்குப் பதில் நாக்கையே கழுவித் தொலைத்திருக்கலாம்.

"கொப்பளிச்சீங்க. நான் கலக்கி வெச்ச கலர் தண்ணியில" என்றாள் மனைவி, நிதானமாக. "புது பாட்டில் வந்த உடனே மாத்திடுவேன். தினம் கொஞ்சம் கீழேயும் கொட்டிடுவேன், டாக்டர். தீர்ந்தாத்தானே அவர் மறுபடி நடப்பார்!"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்போ குறைஞ்சது காயினாலயா, நடையினாலயா?"

"தெரியாது டாக்டர். ரெண்டையுமே விடப்போறதில்லை."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து எத்தனையோ பாடம் சொல்லியிருக்கேன். கொட்டாவி விட்டிருக்கீங்க. அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு சந்தேகம் கேட்டீங்க. கடைசி பெஞ்சுப் பையன் சந்தேகம் கேட்டா, ஒரு டீச்சர் உஷாராயிட மாட்டாளா?"

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் அப்போதுதான் தளர்ந்தன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டா ஒரு மாதமாக முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீலத் தண்ணீர் கலக்கினாள்! கோபித்துக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை. எழுந்து நின்று கை தட்டத்தான் தோன்றியது.

"சரி, ஜெயிச்சுட்டே. வா, வாசல்ல டாக்ஸி காத்துக்கிட்டிருக்கும்" என்றேன் பெருந்தன்மையாக.

"அதை வந்து இறங்கினதுமே அனுப்பிட்டேன். நடங்க."