சீம்பாலைச் சீழ் என்று நினைத்த கதை

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவர்களை நம்பிக் கன்றுக்குட்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. நான் அப்படி வாங்கியவள், அதனால் சொல்கிறேன்.

கல்யாணமாகி ராயபுரம் வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். சாத்தூர் மளிகைக்கடைக்காரர் மகளான நான் மாடு கறக்கப் பழகியதே இங்கேதான். (பழகியதும் கர்வம் வந்துவிட்டது.) அன்று மாமியார் பெரம்பூருக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு எங்கள் செவலைப் பசு கன்று போட்டது.

மடியைக் கழுவிக் கறந்தால், சொம்பில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ விழுந்தது. சீழ்! (சீம்பால் தெரியாதா என்பீர்கள். தெரியும், ஏலக்காய் போட்டு அவித்து, துண்டு போட்டுத் தட்டில் வரும் பண்டமாக.) கன்று வாய் வைத்துவிடாமல் தூரமாகக் கட்டினேன். ஒட்டக் கறந்து வாசல் சாக்கடையில் கொட்டினேன். டப்பாப் பாலை மூன்று தடவை கொதிக்கவைத்து, வடிகட்டி நீட்டினேன். கன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த சந்தில் மாடு வைத்திருந்த கன்னியம்மா அந்த வழியாக வந்தவள், வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மே இது, மஞ்சளா ஓடுது?"

"சீழுக்கா. கன்னு வாயில படாம மொத்தத்தையும் கொட்டிட்டேன்" என்றேன் பெருமையாக.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, சீம்பாலும்மே அது! அது உள்ள போவலேன்னா கன்னு கய்ஞ்சி கய்ஞ்சியே பூடும். எம் மாடும் இன்னிக்கி விடியக்காலைலதான் கன்னு போட்ச்சி. சொம்ப எடுத்துகினு ஓடியா!"

ஓடினேன். திரும்பி வரும்போது, மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகளுக்கு நடுவே, சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு, தெருவே பார்க்க அழுதுகொண்டு ஓடினேன். கன்னியம்மா சீம்பாலில் விரலை நனைத்துக் கன்றின் வாயில் வைத்தாள். அது சப்பத் தொடங்கியபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்தார். பயம் போய், எனக்குக் கேள்விகள் முளைத்திருந்தன.

"அந்தப் பால்ல அப்படி என்ன டாக்டர் இருக்கு?"

"கிருமியை எதிர்க்கிற சத்தும்மா. மனுஷக் குழந்தைக்கு அது கொஞ்சம் அம்மா வயித்துல இருக்கும்போதே வந்துடும். கன்னு வெறுங்கையோடதான் பிறக்கும். முதல் பால்லதான் கிடைக்கணும்."

"மெதுவா, இன்னிக்குக் குடுத்திருந்தா?"

"பிரயோஜனம் இல்ல. முதல்ல சில மணி நேரம்தான் குடல் அதை அப்படியே ரத்தத்துக்குள்ள விடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கதவைச் சாத்திக்கும்."

"வேற மாட்டுப் பாலாச்சே?"

"அதுவும் இந்தத் தெரு மாடுதானே? இந்த ஊர்க் கிருமியெல்லாம் அதுக்கும் பழக்கம்."

இரண்டு நாள் லேசாகக் கழிந்ததோடு கன்று பிழைத்துக்கொண்டது. மாமியார் திட்டவில்லை, சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், "முதல் பால் ஆகாது, பீய்ச்சி எறிஞ்சிட்டு சர்க்கரைத் தண்ணி குடு" என்றார். நான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது.

மகளுக்குச் சாமி பெயர்தான் வைத்தோம். ஆனால் வீட்டில் அவள் அன்று முதல் 'சீம்பாலு'. அவள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் காரணம் கேட்டபோது, என் வீட்டுக்காரர் பரிமாறுகிறவர்களை நிறுத்திவிட்டு, முழுக் கதையையும் பந்திக்கே கேட்கும்படி சொன்னார்.