சுக்கிரன் எப்போதும் ஃப்ளாரன்ஸில்

அந்த வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுப் படிப்புத் திட்ட மேளா. மாணவர் மன்றக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆலோசகருக்கு எல்லாம் விரல்நுனியில். எந்த நாட்டில் படித்தால் எந்தப் பாடம் இங்கே செல்லும், எதற்கு உதவித்தொகை உண்டு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். ஆனால் கேட்க ஆளில்லை. இலவசப் பேனாக்களை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அறிவையும் இலவசமாகக் கொடுத்ததுதான் அவர் செய்த தப்பு.

ஊரே எதிர் மூலையில் நின்றது. அங்கே ஊதாச் சால்வையும் மடிக்கணினியுமாக ஓரியன் வெய்ல். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் எழுதிக் கொடுத்தால், உலகப் படத்தின்மேல் கிரகக் கோடுகள் போட்டு அச்சடித்துத் தருவார். சுக்கிரன் கோடு ஓடும் ஊரில் படித்தால் வாழ்வு. சனிக் கோட்டில் படித்தால் சீரழிவு. கட்டணம் நாற்பது டாலர். வரிசை பீட்சாக் கடை வரை நீண்டது. அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் திருநாளுக்குக்கூட வீட்டுக்குப் பேசாதவர்கள் அம்மாவைப் போனில் பிடித்து, "நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்?" என்று கெஞ்சினார்கள். "வலில கத்திட்டு இருந்தேன்டா, கடிகாரத்தயா பாப்பேன்?" என்று ஒரு தாய் சீறியது எனக்கே கேட்டது.

என் அறைத்தோழி மாரிட்டும் போய் வந்தாள். அவள் நிலவியல் மாணவி. சிலியில் எரிமலைகளுக்கு நடுவே ஒரு பருவம் படிக்க இரண்டே இடங்கள் இருந்தன, ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்காக நாலு வருடம் ஸ்பானிஷ் படித்தவள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"சிலில எனக்குச் சனியாம். உயிருக்கே ஆபத்தாம்," என்றாள். முகம் வெளுத்திருந்தது. "இத்தாலில ஃப்ளாரன்ஸ்ல சுக்கிரனாம். அங்க ஒரு தனியார் பள்ளி இருக்காம்."

"ஃப்ளாரன்ஸ்ல எரிமல இருக்காடி?" என்றாள் டெனீஷா. எங்களோடு தங்கியிருக்கும் வேதியியல் மாணவி.

"சிரிக்காத. அவர் சொல்றது ஜோசியம் இல்ல, கணக்கு."

"கணக்குன்னா சரி பாத்துரலாம். உன் பொறந்த நேரத்த எழுதிக் குடு."

மறுநாள் டெனீஷாவும் நானும் தனித்தனியே வரிசையில் நின்றோம். இருவர் சீட்டிலும் மாரிட்டின் தேதி, மாரிட்டின் நேரம், அவள் பிறந்த டுலூத் நகரம். பெயர் மட்டும் எங்களுடையது. 'எங்கே போக ஆசை?' என்றொரு கட்டம் இருந்தது. டெனீஷா ஜப்பான் என்று எழுதினாள், நான் கானா. ஓரியன் அந்தக் கட்டத்தை மட்டும் ஊன்றிப் படித்தார். பிறகு என் கையைப் பிடித்து, "கானா வேண்டாம் கண்ணு," என்றார். உண்மையைச் சொல்கிறேன், எல்லாம் தெரிந்துகொண்டே போன நான்கூட அவர் சொன்னதை ஒரு கணம் நம்பிவிட்டேன். மாரிட் பயந்ததில் என்ன ஆச்சரியம்?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டெனீஷா எங்கள் மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு, மாரிட்டையும் என்னையும் கூட்டிக்கொண்டு வரிசையின் தலைக்குப் போனாள்.

"ஓரியன், பொறந்த தேதி, நேரம், ஊரு மூணும் ஒண்ணா இருந்தா படமும் ஒண்ணாத்தானே வரும்?"

"ஒரு மயிரிழை மாறாது கண்ணு. இது விண்ணோட கணக்கு."

"அப்ப இது மூணும் ஒரே நேரத்துக்கு நீங்க போட்டது."

மூன்று தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. சனிக் கோடு சிலியில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, கானாவில் ஒன்று. ஆசைப்பட்ட இடமெல்லாம் சனி. சுக்கிரன் மட்டும் மூன்றிலும் ஃப்ளாரன்ஸை விட்டு நகரவில்லை.

ஓரியன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒவ்வொரு ஆன்மாவுக்கும் ஒரு அதிர்வு..."

"அந்தப் பள்ளிக்குக் கமிஷனுக்கு ஆள் சேத்து விடுறவங்க பட்டியல்ல உங்க பேரு மூணாவதா இருக்கே, அதுவும் அதிர்வா?" டெனீஷா போனில் அந்தப் பள்ளியின் பக்கத்தைத் திறந்து முன்வரிசைக்குக் காட்டினாள்.

ஓரியன் மடிக்கணினியை மூடினார். "சார்ஜர் எங்க வச்சேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனவர் திரும்பவில்லை. மாரிட் ஆலோசகர் மேசைக்கு ஓடினாள். நாலு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதோடு கூட்டம் தெளிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வரிசையில் நின்ற பொருளாதார மாணவன் ஒருவன் டெனீஷாவின் தோளைத் தட்டி, "இவர் ஃபிராடு, சரி. நல்லா பாக்குறவங்க யாராவது தெரியுமா?" என்றான்.

விமானத்தில் ஏறுமுன் நம் பெட்டியை எடை போடுகிறார்கள். தலைக்குள் ஏதாவது இருக்கிறதா என்று எந்த நாட்டு அதிகாரியும் பார்ப்பதில்லை. அதைப் புறப்படுமுன் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.