சிறுவாணிக்கு ஈடாகாத பள்ளத்தாக்கு

கோயமுத்தூர்ப் பக்கம் ஒருவகை மனிதர்கள் உண்டு. உடம்பை மட்டும் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கண்ணையும் நாக்கையும் வீட்டு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள். ‘நம்மூர்மாதிரியார்’ என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். நயாகராவைக் காட்டினால் திருமூர்த்திமலை அருவி மாதிரி என்பார்கள். தாஜ்மகாலைக் காட்டினால், சம்பந்தி கட்டிய கல்யாண மண்டபத்தில் இதைவிட வழவழப்பாகப் பளிங்கு போட்டிருப்பதாகச் சொல்வார்கள். இவர்களை அடையாளம் காண்பது எப்படி? ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். ஒரு மிடறு, ஒரு முகச்சுளிப்பு, ஒரு பெருமூச்சு. “என்ன இருந்தாலும் சிறுவாணி மாதிரி வராதுங்க.” சந்தேகமே வேண்டாம். அவரேதான்.

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருந்த ரங்கராஜ் இந்த இனத்தின் தலைமகன். அவருடைய ஒரே மகன் சசிதர், பட்டறையை உதறிவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவன். “இங்க இல்லாத என்னத்தடா அங்க கண்டுட்ட?” என்று விமான நிலைய வாசலில் அவர் கேட்ட கேள்வி, மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் காட்டத்தான் தொண்ணூற்றாறாம் வருஷம், தீபாவளி முடிந்த கையோடு, அப்பாவை வரவழைத்தான். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு ‘நல்லாருக்குது’ வந்தால் போதும். பெற்றவரிடம் ஒரு பிள்ளை கேட்கக்கூடாத வரமா அது?

கடலைக் காட்டினான். சிங்காநல்லூர்க் குளம் நிரம்பினால் இப்படித்தான் இருக்கும் என்றார். கோட்டையைக் காட்டினான். நம் பட்டறைச் சுவர் இதைவிடக் கனம் என்றார். கடைசி அஸ்திரமாக, பாலைவன மலைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தாக்குக்கு ஜீப்பில் அழைத்துப்போக ஏற்பாடு செய்தான். ஓட்ட வந்தவன், கூட வேலை செய்யும் கோயமுத்தூர் உக்கடத்து நண்பன் அமீர் ஹம்சா.

தார் ரோடு முடிந்த இடத்தில் அமீர் இறங்கி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தான்.

“ஏந்தம்பி, நம்மூர்ல காத்தடிக்கத்தான் கடை வெச்சிருக்கறாங்க. நீயென்ன இருக்கறதையும் புடுங்கி உடறே?”

“காத்தக் கொறச்சாத்தான் கல்லுல டயர் புடிக்குமுங்கப்பா.”

“என்ன ஊரோ!” என்றார் ரங்கராஜ்.

ஜீப் ஒரு வறண்ட ஆற்றுக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரு புல்லில்லாத, வானத்தை முட்டுகிற செம்பழுப்பு மலைகள். சசிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

“ஏஞ்சசி, ஆத்துல தண்ணியில்லாததப் பார்க்கறதுக்கா இத்தன தூரம்? நம்ம நொய்யலே அப்படித்தான கெடக்குது?”

“வெயிலப் பாருங்க நைனா, பாறையெல்லாம் எப்படி மின்னுது!” என்றான் மகன்.

“வெள்ளகோவில் வெயிலுக்கு இதெல்லாம் கால்தூசு பெறாது கண்ணு.”

பிறகு ஜீப் மலையில் ஏறியது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பாதாளம். ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் சரளையில் வழுக்கி, வண்டி பாதாளத்தின் பக்கமாக ஒரு முழம் சறுக்கி நின்றது. மகன் “நைனா!” என்று அலறினான். ரங்கராஜ் கம்பியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி சொன்னார்: “நம்மூர் மலைரோட்டுப் பர்லியார் வளைவு... இதவிட மோசம்.”

கண்ணை மூடிக்கொண்டும் ஒப்பிடுகிறவரை என்ன செய்வது? “சாவுக்குக்கூட நம்மூர்ல ஒண்ணு வெச்சிருக்கறாருடா உங்கப்பா,” என்று சசியின் காதில் முணுமுணுத்தான் அமீர்.

மேலே பேரீச்சைத் தோப்பு. அதற்கும் மேலே, செங்குத்தான மலையின் விலாவைச் செதுக்கி, ஒரு முழ அகலத்தில் ஒரு வாய்க்கால். அதில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிவந்தது.

ரங்கராஜ் நின்றுவிட்டார். வாய்க்காலின் மேல்பக்கம் பார்த்தார், கீழ்பக்கம் பார்த்தார்.

“மோட்டார் எங்க?”

“மோட்டாரே இல்லீங்க நைனா.”

“எஞ்சின்?”

“அதுவுமில்லீங்க. ஊத்துத் தண்ணி. சரிவப் பார்த்துச் செதுக்கியிருக்கறாங்க, அதுபாட்டுக்கு வருது.”

பிறந்ததிலிருந்து பூமிக்குள்ளிருந்து தண்ணீரை இழுக்கத்தான் பாடுபட்ட மனிதர், தானாக நடந்துவரும் தண்ணீருக்கு முன்னால் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையை விட்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தார். சசிதர் குனிந்து அவர் வாயையே பார்த்தான். இதோ வரப்போகிறது...

“உப்புக் கரிக்குது,” என்றார் ரங்கராஜ். “என்ன இருந்தாலும் சிறுவாணி மாதிரி வராது.”

அடுத்த வாரம் சசிதர் அப்பாவை விமானம் ஏற்றிவிட்டான்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போன் செய்தான். அம்மா பங்காரம்மா எடுத்ததும் பொரிந்தாள்.

“ஏங்கண்ணு, உங்க நைனாவ அங்க என்ன பண்ணி அனுப்புன? திருமூர்த்திமலைக்குப் போனா, ‘இதென்ன மலை! எம்பையன் ஊர்ல மோட்டாரில்லாம தண்ணி பாறைமேல நடந்துவருமுங்க, அது மாதிரி வராதுங்க’ங்கறாரு. மோட்டார் வாங்க வந்தவங்ககிட்டயும் இதே பேச்சு! வந்தவங்க யோசிச்சுப்போட்டுத் திரும்பிப் போயிடறாங்க. நேத்து நான் மோந்துகுடுத்த சிறுவாணித் தண்ணியவே மொகத்தச் சுளிச்சாரு.”

“எதுக்குங்கம்மா?”

“சப்புன்னு இருக்குதாமா. அங்கத்த தண்ணியில லேசா ஒரு உப்பு இருக்குமாமா. அதுதான் ருசியாமா!”

மூன்று வருஷத்து முள் அந்த நிமிஷம் கழன்று விழுந்தது. போனை வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தான் அந்தப் பிள்ளை. தொண்டை வறண்டிருந்தது. பாட்டில் தண்ணீரைத் திறந்து ஒரு மிடறு விழுங்கினான். முகம் சுளித்தது.

“சே! என்ன இருந்தாலும் சிறுவாணி...” என்றவன், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தாராளமாக. ஆனால் போன வாரம் யாரோ ஒருவர் வீட்டில், ஆசையாக ஆற்றி உங்கள் கையில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார்களே... ஒரு வாய் குடித்துவிட்டு நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன?