மரியாதைக்குரிய கண்

அரசு மருத்துவமனை என்றால் அதற்கென்று ஒரு கௌரவம் வேண்டும் என்பதில் நிர்வாக அலுவலர் அழகேசனுக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

திருநின்றவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்துக்கு ஒருநாள் அவர் விஜயம் செய்தார். குழாய்களின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்தார். ‘மாதிரி எடுத்த இடம்’ என்பதற்கு எதிரே, எடுத்த இடத்தையே எழுதி வைத்திருந்தார்கள். அலுவலருக்கு வியர்த்துவிட்டது.

அன்று மாலையே உத்தரவு வந்தது: ‘பண்பாடு கருதி, இடுப்புக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் அமைந்துள்ள எவ்வித உறுப்பின் பெயரும் இனி எழுதப்படலாகாது.’ கம்ப்யூட்டரிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். மிஞ்சியவை கண், காது, தொண்டை.

மறுநாள் விஜி வந்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், அடிவயிற்றில் வலி. "கிருமி இன்னதுன்னு தெரிஞ்சு மருந்து போடணும். விட்டா கர்ப்பப்பை வரைக்கும் போயிடும், அப்புறம் குழந்தைக்குக் கஷ்டம்" என்று மகளிர் பிரிவு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாவம், பயந்து போயிருந்தாள்.

லேப் சொர்ணம் அவளைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, குழாயில் போட்டு மூடி, சீட்டு ஒட்டினாள். விஜி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கண்ணுன்னு போட்டுக்கீற?"

"வேற இன்னா போடச் சொல்ற? காதுன்னு போடவா?"

"எடுத்த எடத்தப் போடேன்."

"அந்த எடம் கவர்மெண்ட்ல இல்லம்மா. நேத்தே தூக்கிட்டாங்க."

கிருமி இருப்பது உறுதியானது. கண்ணில். முடிவைக் கம்ப்யூட்டர் நேராகக் கண் பிரிவுக்கு அனுப்பியது. கண் டாக்டர் வெங்கட் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண் நல்லாத்தானே இருக்கு?"

"கண்ணு நல்லாதான் சார் கீது. எரியிறது வேற எடம்."

"அது எனக்குத் தெரியாதும்மா. ரிப்போர்ட்ல கண்ணுன்னு இருக்கு. ரிப்போர்ட்டுக்குத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார். டாக்டரம்மாவோ, தன் பிரிவுக்கு ரிசல்ட் வராமல் மருந்து எழுத முடியாது என்றார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அவள் இரண்டு பிரிவுக்கும் நடந்தாள்.

அவள் மட்டுமா? புருஷன் டில்லிபாபுவுக்கும் கண். அந்த வரிசையில் வந்த அத்தனை பேருக்கும் கண். ஒரே மாதத்தில் வேப்பம்பட்டு ரயிலில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு ஏறினார்கள். இதுதான் புது ஸ்டைல் போலிருக்கிறது என்று இளவட்டங்களும் வாங்கி மாட்டின. மாட்டாதவனைப் பட்டிக்காட்டான் என்றார்கள். நானும் ஒன்று வாங்கினேன்.

இத்தனை கண் நோயாளிகளைக் கண்டுபிடித்த சாதனைக்காக அழகேசனுக்குப் பாராட்டு விழா நடந்தது. மண்டபம் நிறையக் கறுப்புக் கண்ணாடி. மேடையேறிய அலுவலரும் ஒன்று போட்டிருந்தார். நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

விஜி எழுந்து நின்றாள்.

"நானும் ஒரு மாசமா சொட்டு ஊத்திகினு கீறேன் சார், கேக்கவே இல்ல. உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றார் அலுவலர், அவசரமாக.

"தெரியும் சார். இங்க யாருக்குமே கண்ணுல ஒண்ணும் இல்ல."

மண்டபத்தில் அத்தனை கண்ணாடிகளும் கழன்றன.

மறுநாளே உத்தரவு வாபஸ். விஜிக்குச் சரியான மருந்து கிடைத்தது, அலுவலருக்கு அடுத்தபடியாக.

நான் போட்டது சத்தியமாக ஸ்டைலுக்குத்தான். என் மனைவிதான் இன்னும் நம்பவில்லை.