வீட்டுல கேட்டுச் சொல்றேன்

"யாருக்கு சார் வாங்குறீங்க?"

லிஃப்ட் மெக்கானிக் திணறிப்போனார். ஒரு சாக்லேட் வாங்குவதற்கு இப்படிக் குறுக்கு விசாரணை நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர், கிரீஸ் படிந்த சட்டையோடு நின்றுகொண்டு, "எனக்குத்தான்" என்று சொல்ல வாய் வரவில்லை.

"வீட்டுக்கு" என்றார்.

பொய் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் சாப்பிடப்போகிறார். அந்த வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, அப்புறம் அவர், அவ்வளவுதான் என்பது வேறு விஷயம்.

"ஓ, வீட்டுல அவங்களுக்கா!" கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "கசப்பு பிடிக்குமா அவங்களுக்கு? இல்ல, லேசா பழப்புளிப்பு இருக்கணுமா?"

அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் நாள் முழுக்க லிஃப்டோடு கிடக்கிறவர் அவர். ஏறுகிறவர்கள் கதவைப் பார்ப்பார்கள், மாடி எண்ணைப் பார்ப்பார்கள், செல்போனைப் பார்ப்பார்கள். அவரைப் பார்த்ததில்லை. ஒருவர் எதிரில் நின்று, முகம் பார்த்து, பதிலுக்குக் காத்திருப்பது அவருக்குப் புதுசு. அதை விட மனசில்லை.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றார். பிடித்தது சனி.

"அவங்ககிட்ட சொல்லுங்க சார். உறையில எந்தத் தோட்டத்துக் கொக்கோன்னு போட்டிருக்கணும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா வேற எண்ணெய் கலந்திருந்தா தொடவே வேண்டாம். உடைச்சா டக்குன்னு சத்தம் வரணும். முக்கியமா, மெல்லக்கூடாது. நாக்குல வச்சுக் கரையவிடணும்."

அவர் வீட்டுக்குப் போய் அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து உடைத்தார். டக். கண்ணை மூடிக் கரையவிட்டார்.

மறுநாள் சொன்னார்: "முதல்ல தீக்குச்சியை அணைச்ச வாசனை, அப்புறம் உலர்ந்த திராட்சை. அப்படின்னு... வீட்டுல சொன்னாங்க."

கடைக்காரம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வருஷமா கடை வச்சிருக்கேன். தீக்குச்சியை யாருமே கண்டுபிடிச்சதில்ல!"

அன்றிலிருந்து ஒவ்வொரு சாக்லேட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு வந்தது: 'இது எப்படி இருக்குன்னு எழுதி அனுப்புங்க.'

இவருடைய கையெழுத்து, கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டிலேயே சர்வீஸ் அட்டையில் தொங்குகிறது. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று இடது கையால் எழுதினார்.

"எழுத்து இப்படி நடுங்குதே சார்?"

"அவங்களுக்குக் கொஞ்சம் கைவலி."

அடுத்த நாள் சாக்லேட்டோடு ஒரு தைலப் புட்டியும் வந்தது. தன் முழங்காலுக்குத் தடவிக்கொண்டார். நன்றாகத்தான் கேட்டது.

ஒருநாள் 'வீட்டிலிருந்து' ஒரு கேள்வி போனது: 'இந்தக் கொக்கோக் காயை உடைச்சது யாரு? சின்னப் பிள்ளைங்க இல்லையே? கூலி ஒழுங்கா கொடுத்தாங்களா?' பதினொரு வயதில் பட்டறையில் சுத்தியல் தூக்கியவர் அவர். அதை எழுதும்போது மட்டும் இடது கை நடுங்கவில்லை.

மறுவாரம் கடையில் ஓர் அலமாரி காலியாக இருந்தது. "உங்க வீட்டுல கேட்டதுக்கு மூணு கம்பெனிக்காரங்களால பதில் சொல்ல முடியல. சரக்கைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் கடைக்காரம்மா. கண்கள் பளபளத்தன. "வர்ற சனிக்கிழமை ருசி பார்க்கிற கூட்டம் வைக்கிறேன். அவங்க வந்தே ஆகணும்."

குட்டு உடைந்தால் இந்தக் கவுண்டரும் போய்விடும். இதை விட்டால் மெக்கானிக்கோடு பேச ஊரில் வேறு ஆள் கிடையாது.

"கைவலியோட எப்படி..."

"நானே வண்டி அனுப்புறேன்."

"மூணாவது மாடி. இறங்க முடியாது."

"லிஃப்ட் இல்லையா?"

"ரிப்பேர்."

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே சார்?"

சனிக்கிழமை மதியம் வரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த இல்லாத மனைவியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. நேரே கடைக்குப் போனார்.

"அவங்க போயிட்டாங்க."

கடைக்காரம்மாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்தது. "ஐயோ! எப்போ?"

"காலையில."

"எப்படி சார்?"

"திடீர்னுதான். எழுந்து பார்க்கிறேன்..."

கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். தன் சொல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் மெக்கானிக்குக்குப் புரிந்தது. திருத்த வாயெடுத்தார். பிறகு, செத்தவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று தோன்ற, மூடிக்கொண்டார். அவருக்கும் இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது. யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். இனி ஒளிவுமறைவு வேண்டாம். கேட்டால், எனக்குத்தான் வாங்குகிறேன் என்று சொல்லிவிடலாம். சவரம் செய்து, கிரீஸ் படாத சட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை கடைக்குப் போனார்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பேக்கிங் செய்யும் பெண் தனியாக அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம் வரலையா?"

"அக்கா சனிக்கிழமை போய்ப் படுத்தவங்கதான் சார், இன்னும் எழுந்திருக்கல. கடையை மூடிடப் போறாங்களாம்."

"எதுக்கு? நான்தான் தினம் வரேனே. என்கிட்ட எவ்வளவு சந்தோஷமா பேசிட்டிருந்தாங்க!"

"உங்ககிட்டயா?" அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "அவங்க பேசினதெல்லாம் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சார். அக்காவுக்குன்னு இந்த ஊர்ல இருந்த ஒரே சிநேகிதி அவங்கதான்."