பெரட்டு முடிஞ்சிருச்சு, நாளைக்கு வாங்க

தன்னைப் பரீட்சிக்க வந்த விரிவுரையாளரை வகுப்பறை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய ஆசிரிய மாணவி இந்தத் தீவிலேயே ஒருத்திதான் இருக்க முடியும். அவள் என் அறைத்தோழி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. நல்ல பெயர்தான். ஆனால் நாங்கள் கல்விமாணிப் பட்டத்துக்குப் படித்த அத்தனை வருடமும் விடுதியில் எவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. மேட்ரன் முதல் மரக்கறிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'பெரட்டு'.

தோட்டத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. முழு வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப் பேர். ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் கங்காணி மகளாகப் பிறந்த எங்கள் பெரட்டு, உலகமே இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது என்று முழுமனதாக நம்பினாள்.

நான் பலாங்கொடை பஜாரில் பலசரக்குக் கடைக்காரர் மகள். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்துவிட்டு, கணிதம் படிப்பிக்கும் ஆசையில் வந்தவள். அளவுகோல் வைத்துக் கோடு போடாமல் எனக்கு மளிகைச் சாமான் பட்டியல்கூட எழுத வராது. என்னையும் அவளையும் ஒரே அறையில் போட்டது யார் யோசனை என்று தெரியவில்லை. விடுதிக்கு வந்த முதல் விடிகாலையில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒன்னாம் நம்பர் மலை யாரு? நீயா? எந்திரிச்சுப் போ, வெயில் ஏறிரும்."

ஒன்றாம் நம்பர் மலை என்பது குளியலறை. இரண்டாம் நம்பர் கூட்டுமாறும் தரையும், அது எனக்கு. மூன்றாம் நம்பர், தேநீருக்கு வெந்நீர் வைப்பது. வெயில் ஏற இன்னும் நெடுநேரம் இருந்தது. சாயங்காலம் வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். மூலையில் கொஞ்சம் குப்பை இருந்தது. அரைப் பேர் என்றாள். எந்த அளவின்படி அது சரியாக அரை என்று கேட்டேன்.

"முழுசா இல்லாட்டி அரைதான். கால் பேருன்னு தோட்டத்துல ஒன்னும் இல்ல."

அன்று தொடங்கியது. மற்ற இரண்டு அறைத்தோழிகளும் அவ்வப்போது முழுப் பேர் வாங்கினார்கள். நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

விடிகாலைச் சத்தத்தை நிறுத்தச் சொல்ல மேட்ரன் ஒருநாள் இரவுச் சட்டையோடு வந்து சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். பெரட்டு அதைவிடச் சுத்தமான சிங்களத்தில், மிகவும் மரியாதையாக, ஒரு கட்டடத்தை மலைகளாகப் பிரிப்பதன் நன்மைகளை எடுத்துச் சொன்னாள். மறுநாள் காலை மேட்ரன் திரும்பவும் வந்தார். நடைபாதைக்கு ஏன் இன்னும் நம்பர் கொடுக்கவில்லை என்று கேட்கத்தான்.

மழை நாட்களில் மட்டும் எங்களுக்கு விடுதலை. மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, ஆகவே வேலை இல்லை. ஜன்னலில் நாலு சொட்டு விழுந்தால் போதும், பெரட்டு போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். எட்டு மணிக்குக் கல்வி உளவியல் விரிவுரை இருக்கிறதே என்று உலுப்புவோம். மரம் நனைந்திருக்கிறது என்று பதில் வரும். கல்வி உளவியலுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் குறட்டை வரும்.

ஆனாலும் அவள் விளையாட்டாகப் படிக்க வந்தவள் அல்ல. அவளுடைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் வருவார், பஸ் பாதையைப் பார்ப்பார், மாற்றல் வாங்கிப் போய்விடுவார். இவளும் இவளுடைய வகுப்பும் பாதிப் புத்தகத்தைத் தாங்களாகவே வாசித்து முடித்தவர்கள். பட்டத்தை வாங்கிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட வேண்டும், யார் சொன்னாலும் எழும்பக் கூடாது என்பதுதான் அவள் திட்டம். அதற்குக் கற்பித்தல் பயிற்சியில் தேற வேண்டும்.

முதல் பயிற்சி ஒரு நகரப் பள்ளியில். அங்கேயும் பெரட்டுதான். பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் மலைகளாயின, வீட்டுவேலையைப் பாதி செய்தவனுக்கு அரைப் பேர். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். பரீட்சிக்க வந்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, உயராத குரல். நாங்கள் எல்லோரும் மெடம் என்று சொல்லி மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு அவர் வந்த பஸ் பிந்திவிட்டது. பெரட்டு கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்க."

மெடம் ஒரு நிமிடம் நின்றாராம். பிறகு உண்மையிலேயே போய்விட்டாராம். நாளைக்கும் வரவில்லை. புள்ளிதான் வந்தது. அந்தப் புள்ளியில் யாரும் தேற முடியாது.

தன் அறைக்கு அவளை அழைத்து, மெடம் ஒரேயொரு கேள்வி கேட்டார். "பிள்ளை, நீர் படிப்பிக்கிறீரோ, தோட்டம் நடத்துறீரோ?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். பெரட்டு நேர்மையாக யோசித்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்றாள். வெளியே கதவோரம் நின்ற நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். மெடம் அடுத்த தவணையில் இன்னொரு தடவை பார்ப்பதாகவும், அதிலும் சரிவராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றும் சொன்னார்.

அன்றிரவே எங்கள் அறை கூடித் தீர்மானங்கள் எடுத்தது. வரிசைப்படுத்தியது நான். முதலாவது, பரீட்சை நாளில் பெரட்டு கிடையாது. இரண்டாவது, மலை நம்பர் வாயில் வரக் கூடாது. மூன்றாவது, பேர் போடக் கூடாது. நான்காவது, குரல் கடைசி வாங்கைத் தாண்டக் கூடாது. ஐந்தாவது, பிள்ளைகளைச் 'செல்லங்களே' என்று அழைக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நிறுத்திச் 'செல்லங்களே' பழக்கினோம். பல் பிடுங்கப் போகிறவர் முதலில் ஆறுதல் சொல்வது போலவே கடைசிவரை இருந்தது.

இரண்டாவது பயிற்சி பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில். எனக்கும் அங்கேதான் கிடைத்தது. ஆகவே பெரட்டு எங்கள் வீட்டில் தங்கினாள். ஒரு வாரத்துக்குள் எங்கள் கடைக் கிட்டங்கியில் பருப்பு மூட்டைக்கு ஒரு மலை, சீனி மூட்டைக்கு ஒரு மலை. என்னை ஒருநாளும் பாராட்டியிராத அப்பா, அந்தப் பிள்ளை நல்லா வேலை வாங்குது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா இடித்த சம்பலுக்கு முழுப் பேர். அதற்குத் தேங்காய் துருவிய எனக்கு அரை.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சுவர் இல்லை. காலைக் கூட்டம் முடிந்ததும் மற்ற வகுப்புகள் உள்ளே போகும். பெரட்டின் ஏழாம் வகுப்பு மட்டும் மைதானத்தில் நிற்கும். அவள் பெரட்டுப் போட்டு, மலை பிரித்து, பிறகுதான் உள்ளே விடுவாள். பரீட்சை நாள் வரும்வரை இது ஒருநாளும் தவறவில்லை.

அந்த நாளும் வந்தது. காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும்போது வரிசையின் கடைசியில் பருத்திச் சேலை ஒன்று நின்றது.

"இந்த முறை நான் பிந்தேல்லை, பிள்ளை," என்றார் மெடம்.

பெரட்டு தீர்மானங்களை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தாள். கூட்டம் முடிந்ததும் நேரே உள்ளே போய், கரும்பலகைக்குப் பக்கத்தில், பழகிய சிரிப்போடு நின்றுகொண்டாள். இலைகளின் நரம்பமைப்பு பற்றிய பாடம். நிமிடத்துக்கு நிமிடம் நான் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, வகுப்புதான் இல்லை.

ஏழாம் வகுப்பு மைதானத்திலேயே நின்றது. டீச்சர் வருவார் என்று பார்த்தது. வரவில்லை. சுகந்தி என்ற சிறுமி முதலில் புத்தகப் பையைத் தூக்கித் தலையில் வைத்தாள். தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் நடந்தாள். வரிசை கலையாமல் வகுப்பு முழுவதும் அவள் பின்னால் இறங்கியது. நான் ஓடிப் போய் மறித்தேன்.

"பெரட்டு போடலீங்களே டீச்சர்," என்றாள் சுகந்தி, எனக்கு விவரம் போதாது என்ற இரக்கத்தோடு. "அப்ப இன்னைக்கு வேலை இல்ல. லீவு."

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். மெடம் ஜன்னலருகே நின்று, தான் பரீட்சிக்க வந்த வகுப்பு மலையிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடி கழன்றிருந்தது.

பெரட்டு என் கையிலிருந்த பாடத் திட்டத்தைப் பார்த்தாள். பாதையைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கடி," என்றாள். வெளியே போனாள், கொடிக்கம்பத்துப் படியில் ஏறினாள், வாயோரம் கையைக் குவித்தாள்.

"பெரட்டுக்கு வாங்க, எல்லாரும்."

காலையிலிருந்து அடக்கி வைத்த குரல் அது. பாதையில் ஏழாம் வகுப்பு பட்டென்று திரும்பியது. மண்டபத்திலிருந்து ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் எழுந்து வந்தன. அதிபர் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து வரிசையில் நின்றார். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"யாருடி அது, ரெண்டாவது பெரட்டு போடுறது? நாங்க மலைக்கு வந்தாச்சு," என்று ஒரு குரல் இறங்கி வந்தது.

பெரட்டு எதையும் காதில் வாங்கவில்லை. வேலி ஒன்றாம் நம்பர் மலை, கிணற்றடி இரண்டு, அதிபர் வீட்டுத் தோட்டம் மூன்று. ஆளுக்கு இரண்டு இலை. நரம்பு வலைபோல் பின்னியது ஒன்று, நேர்நேராக ஓடுவது ஒன்று. கொழுந்து நிறுக்கக் கொண்டுவருவது போல நிறுவைக்குக் கொண்டுவந்து எது எதுவென்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பறந்தார்கள். அப்போதுதான் தனியே நின்ற மெடம் அவள் கண்ணில் பட்டார். பெரட்டில் யாரும் சும்மா நிற்கக் கூடாது. வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். பார்த்தாள், பார்த்தும் சொன்னாள்.

"மெடம், நீங்க கொடிக்கம்பத்துக்குப் பின்னால. நல்ல புல்லு. பாம்பு இல்லீங்க."

மெடம் புள்ளித் தாளையும் பேனாவையும் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நிறுவை தொடங்கியது. சுகந்திக்கு முழுப் பேர். இலையைச் சரியாகக் காட்டி, நரம்பை மாற்றிச் சொன்ன அதிபருக்கு அரை. மெடத்தின் முறை வந்தது. அவர் நீட்டியவை இரண்டுமே புல். தெரிந்துதான் கொண்டுவந்தாரா என்று எங்கள் அறைத்தோழிகளுக்குள் இன்றைக்கும் வாதம் உண்டு. பெரட்டு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே சாதிங்க மெடம். அரைப் பேர்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டம், அவளுடைய பள்ளிக்கூடம், எழும்பாமல் உட்கார அவள் நினைத்திருந்த நாற்காலி எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"மற்றதைக் கொண்டு வந்தா முழுசாப் போடுவீரோ?"

"நிறுவை முடியிறதுக்குள்ள வந்தா போடுவேங்க."

கண்ணைத் திறந்தபோது மெடம் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி வேலியை நோக்கி விரைந்துகொண்டிருந்தார். எங்க மலையில நெறைய இருக்குங்க மெடம் என்று சுகந்தி முன்னால் ஓடினாள்.

போகும்போது மெடம் கையில் ஒரு செவ்வந்தி இலை இருந்தது. "குரலைக் கொஞ்சம் குறையும், பிள்ளை," என்றார். "பெரட்டை விடாதையும்."

பெரட்டு இப்போது அவளுடைய தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் விஞ்ஞான ஆசிரியை. எழும்பவில்லை. விடுதியை விட்டுப் பிரிந்த காலையில் பெட்டிகளோடு எங்களைக் கடைசியாக ஒருமுறை வரிசையில் நிறுத்தினாள். மற்ற இருவருக்கும் முழுப் பேர். மேட்ரனுக்கும் முழுப் பேர். என் முன்னால் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்து, அரைப் பேர் என்றாள். இன்றைக்குமா என்று கேட்டேன்.

"மீதிய வாங்க வரணுமில்ல," என்றாள்.

ஒவ்வொரு ஏப்ரல் விடுமுறைக்கும் ருவான்வெல்லை பஸ்ஸில் ஏறுகிறேன். விடியுமுன் எழுப்பிவிடுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறேன், சாயங்காலம் குனிந்து பார்த்து அரைப் பேர் போடுகிறாள். வருடா வருடம் என் வேலை திருந்திக்கொண்டே வருகிறது. எங்கே ஒருநாள் முழுப் பேர் போட்டுவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.